ஒருத்தியின் சாட்சியும் ஒரு தீவின் பெயரும்

2023 ஜூன் 7ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில அரசு ஒரு தீவின் பெயரை மாற்றியது. மாற்றியது என்று சொல்வதே தப்பு, திருப்பிக் கொடுத்தது என்று சொல்ல வேண்டும். 'ஃப்ரேசர் தீவு' என்று தலைமுறை தலைமுறையாக வரைபடத்திலும் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் சுற்றுலா விளம்பரத்திலும் இருந்த பெயரை எடுத்துவிட்டு, அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான புட்சுல்லா மக்கள் வைத்த பெயரைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. கர்ரி என்பது அந்தப் பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னால் ஒரு 'கே' நிற்கும், வாயில் அது வராது.

பெயர்தானே, இதிலே என்ன இருக்கு என்று கேட்கலாம். அந்தப் பழைய பெயருக்குப் பின்னால் ஒரு சாட்சியம் இருக்கிறது. கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் சாட்சியம். பொய்க்காரி என்று சொல்லி ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது, அவள் நிஜமாகவே வேதனைப்பட்டவள். சிக்கலே இங்கேதான். பட்டவர் சொல்லுக்கு மேலே சொல் கிடையாது என்று நம்பி எழுதுகிறவர்கள் நாம். சாட்சியம் என்பதை ஓர் இலக்கிய வகையாக மட்டும் நாம் பார்ப்பதில்லை, ஒரு நியாயமாகவே பார்க்கிறோம். அந்த நியாயத்தை இந்த மணல் தீவில் வைத்து ஒருமுறை உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு சாட்சியம் ஒரு சனத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்போது, பட்டவள் என்பதற்காக அவள் சொன்னது அத்தனைக்கும் நாம் தலையாட்ட வேண்டுமா?

கர்ரி, பிரிஸ்பேன் நகருக்கு வடக்கே கிழக்குக் கடலோரத்தில் நீண்டு கிடக்கிறது. நீளம் சுமார் 120 கிலோமீட்டர். உலகத்திலேயே பெரிய மணல் தீவு இதுதான். வெறும் மணல்மேடு என்று நினைத்துவிடக் கூடாது. மணலிலேயே வேர்விட்டு வளர்ந்த மழைக்காடும், மணல்மேடுகளுக்கு நடுவே தங்கி நிற்கிற நன்னீர் ஏரிகளும் அங்கே உண்டு. மனிதர்கள் அங்கே குறைந்தது 5,000 வருடங்களாக வாழ்ந்திருக்கிறார்கள் என்று அகழாய்வுத் தடயங்கள் சொல்கின்றன. இன்னும் நெடுங்காலமாகவும் இருக்கலாம். தின்று போட்ட சிப்பிக் குவியல்களும், பட்டை உரித்த தழும்போடு நிற்கும் மரங்களும் அவர்கள் விட்டுப்போன எழுத்து. அவர்களுக்கு மூன்று சட்டங்கள் உண்டு. மண்ணுக்கு எது நல்லதோ அதுதான் முதலில். உன்னுடையது அல்லாததைத் தொடாதே. நிறைய வைத்திருந்தால் பகிர்ந்து கொடு. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1770 மே மாதம் கேப்டன் குக்கின் கப்பல் அந்தக் கரையோரமாகப் போனது. ஒரு பாறை முனையில் ஆட்கள் கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குக் அந்த முனைக்கு 'இந்தியன் ஹெட்' என்று பெயர் வைத்தான். இந்தியர்கள் யாரும் அங்கே இல்லை. கறுத்த தோல் உள்ள யாரைப் பார்த்தாலும் அவர்களுக்கு ஒரே சொல்தான். அவன் இறங்கவில்லை, பேசவில்லை, அது தீவு என்றுகூட அவனுக்குத் தெரியாது. பெயர் மட்டும் வைத்துவிட்டுப் போனான். பாறைமேல் நின்றவர்கள் என்ன செய்தார்கள்? கடந்து போன அந்தக் கப்பலைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார்கள். அந்தப் பாட்டு புட்சுல்லா மக்களிடம் வழிவழியாக இருந்து வந்தது. குக்கின் நாட்குறிப்பு வரலாறு ஆனது. இவர்கள் பாட்டு நாட்டுப்புறச் சரக்கு ஆனது. பார்த்தவர்கள் இரண்டு பக்கமும்தான், ஆனால் பதிவு ஒரு பக்கத்துக்குத்தான்.

1802இல் மாத்யூ ஃப்ளிண்டர்ஸ் வந்தார். தீவின் வடமுனையில் இறங்கினார். அவரோடு சிட்னிப் பக்கத்துப் பூர்வகுடி மனிதர் பங்கரி இருந்தார். தீவு மக்கள் முதலில் கிளைகளை ஆட்டி, திரும்பிப் போங்கள் என்று சைகை காட்டினார்கள். பங்கரி உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு, தனியாக நடந்து அவர்களிடம் போனார். பாஷை இவருக்கும் அவர்களுக்கும் ஒத்துவரவில்லை. ஆனாலும் காரியம் நடந்தது. பரிசுகள் கைமாறின, கடற்பன்றிக் கறியோடு விருந்தும் நடந்தது. இதை எழுதி வைத்தவர் ஃப்ளிண்டர்ஸேதான். இதுவும் ஒரு சாட்சியம்தானே? தீவின் பெயர் இந்தச் சாட்சியத்திலிருந்து ஏன் பிறக்கவில்லை?

பெயர் பிறந்தது 1836இல். 'ஸ்டெர்லிங் காஸில்' என்ற கப்பல் மே மாதம் சிட்னியிலிருந்து சிங்கப்பூருக்குக் கிளம்பி, பவளப்பாறையில் மோதி உடைந்தது. கேப்டன் ஜேம்ஸ் ஃப்ரேசர், அவன் மனைவி எலைசா, மாலுமிகள் எல்லோரும் இரண்டு படகுகளில் தப்பினார்கள். எலைசா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. அந்தப் படகிலேயே குழந்தை பிறந்தது, செத்தும்போனது. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் வாரக்கணக்கில் அலைந்து கடைசியில் இந்தத் தீவில் ஒதுங்கினார்கள். கேப்டன் அங்கேயே செத்தான், ஈட்டிக் காயத்தால் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. எலைசாவைத் தீவிலிருந்து பெருநிலத்துக்குக் கொண்டுபோனார்கள். மோரிட்டன் பே கைதிக் குடியிருப்பிலிருந்து லெப்டினன்ட் ஓட்டர் தலைமையில் ஒரு கூட்டம் தேடி வந்தது. ஆகஸ்ட் மாதம் அவளை மீட்டார்கள். நேரே போய் அழைத்து வந்தது ஜான் கிரகாம் என்ற ஐரிஷ் கைதி. அவன் முன்பு தப்பி ஓடி ஆறு வருடம் அந்தப் பக்கத்துப் பூர்வகுடி மக்களோடு வாழ்ந்தவன். அவர்கள் பாஷை அவனுக்குத் தெரியும்.

எல்லாம் சேர்த்து அவள் அந்த மக்களோடு இருந்தது இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை. குழந்தையைக் கடலில் விட்டவள், புருஷனைக் கண்முன்னே சாகக் கொடுத்தவள். உடுத்த துணி இல்லாமல், பாஷை புரியாமல், பழக்கமில்லாத வேலை செய்து, பசியோடு கிடந்தவள். அவள் அழுதது நிஜம். இதில் சந்தேகப்பட எனக்கு ஒன்றும் இல்லை. சந்தேகப்படுகிறவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை.

பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். அவள் சிட்னிக்குப் போனாள், லண்டனுக்குப் போனாள், கதை சொன்னாள். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. பத்திரிகைகள் அவளைத் தேடி வந்தன. லண்டன் மேயர் நன்கொடைப் பட்டியல் திறந்தார். அவள் சிட்னியிலேயே வேறொரு கப்பல் கேப்டனை மறுமணம் செய்துகொண்டதும், அங்கேயே அவளுக்குப் பணம் திரட்டிக் கொடுத்திருந்ததும் வெளியே வர, விசாரணை நடந்தது. ஜான் கர்ட்டிஸ் என்பவர் 1838இல் இதை ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார். அதற்கு முன்பே, 1837இல், அமெரிக்காவில் ஒரு சின்னப் புத்தகம் வந்தது. அதில் அச்சிட்ட படத்தைப் பார்த்தால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். அதில் இருக்கிற 'காட்டுமிராண்டிகள்' அமெரிக்கப் பூர்வகுடிகளைப் போல இறகு செருகிக்கொண்டு நிற்கிறார்கள். எந்தச் சனம், எந்தக் கடல், எந்தக் கரை என்பது அச்சடிக்கிறவனுக்குத் தேவைப்படவில்லை. வெள்ளைப் பெண் ஒருத்தி, சுற்றிலும் மிருகங்கள். இந்த அச்சு அவனிடம் ஏற்கனவே தயாராக இருந்தது. எலைசாவின் வேதனையை எடுத்து அதில் ஊற்றினார்கள், அவ்வளவுதான்.

மறுமணம் செய்துகொண்டாள், காசு வாங்கினாள் என்று அவளை ஏசுவது சுலபம். அன்றைக்கு ஆண்கள் அதைத்தான் செய்தார்கள். ஸ்காட்லாந்துப் பக்கத்துத் தீவில் மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த கைம்பெண் அவள். அவளிடம் விற்பதற்கு இருந்த ஒரே பொருள் அவளுடைய கதை. வாங்குகிறவன் எந்தச் சரக்கைக் கேட்டானோ அதைக் கொடுத்தாள். ஆகவே அவளுடைய ஒழுக்கம் நம்முடைய கேள்வி இல்லை. சாட்சியம் என்ற ஒன்று எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் கேள்வி.

நான் இப்படிப் பிரித்துப் பார்க்கிறேன். ஒரு சாட்சியத்துக்குள்ளே இரண்டு வகை வாக்கியம் இருக்கும். 'எனக்கு இது நடந்தது' என்பது ஒன்று. 'அவர்கள் இப்படிப்பட்டவர்கள்' என்பது இன்னொன்று. முதல் வாக்கியத்துக்குப் பட்டவர்தான் எசமானர். பசித்தது, குளிரில் கிடந்தேன், விறகு சுமந்தேன், என்னை அடித்தார்கள். இதை மறுக்க மூன்றாம் மனிதனுக்கு அவ்வளவு லேசில் உரிமை கிடையாது. இரண்டாவது வாக்கியம் வேறு சங்கதி. அது வேதனையிலிருந்து தானாக முளைப்பதில்லை. அதற்கு வேறு சாட்சி வேண்டும், எதிர்த்தரப்பைக் கேட்க வேண்டும், எத்தனை நாள் பார்த்தாய், பாஷை தெரியுமா என்றெல்லாம் விசாரிக்க வேண்டும். எலைசா தான் பட்ட வேதனைக்குச் சொந்தக்காரி. புட்சுல்லா மக்களின் குணத்துக்குச் சொந்தக்காரி இல்லை. ஆனால் முதல் வாக்கியத்தின் மேல் நமக்கு வருகிற இரக்கத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது வாக்கியம் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுகிறது. சாட்சியத்தை அதிகாரம் களவாடுகிற இடம் அதுதான்.

எதிர்த்தரப்பைக் கேட்டார்களா? ஒருத்தரையும் கேட்கவில்லை. லண்டனில் விசாரித்தவர்கள் எலைசாவைக் கேட்டார்கள், மாலுமியைக் கேட்டார்கள். பாஷை தெரிந்த கிரகாம் என்று ஒருத்தன் இருந்தானே, அவனைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மக்களிடம், 'நீங்க என்ன சொல்றீங்க?' என்று கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் அவர்களிடம் சொல்வதற்கு இருந்தது. புட்சுல்லா மூதாட்டி ஓல்கா மில்லர் போன்றவர்கள் பிற்காலத்தில் எழுத்தில் கொண்டுவந்த வாய்மொழி மரபில் வேறொரு கதை இருக்கிறது. கடலிலிருந்து வந்த, தன் நினைவில் இல்லாத ஒரு பெண்ணை அவர்கள் பார்த்தார்கள். யாரும் தொந்தரவு செய்யாமல் அவளுக்கு வழிவிட வேண்டும் என்று உடம்பில் அடையாளம் தீட்டினார்கள். பெண்கள் தங்களோடு வைத்துக்கொண்டார்கள், தாங்கள் செய்த வேலையை அவளுக்கும் கொடுத்தார்கள். எலைசா அடிமை வேலை என்று சொன்னது அந்தப் பெண்களின் அன்றாடப் பாடு. கிழங்கு தோண்டாமல், விறகு பொறுக்காமல் அங்கே எந்தப் பெண்ணுக்கும் சோறு இல்லை. கேப்டன் பெண்டாட்டிக்கு அது அவமானம். அவர்களுக்கு அது, உன்னையும் எங்களில் ஒருத்தியாக வைத்திருக்கிறோம் என்பதற்கு அடையாளம்.

இங்கே இன்னொரு குழி இருக்கிறது, அதிலும் விழக்கூடாது. புட்சுல்லா மக்கள் நல்லவர்கள், அன்பானவர்கள், அதனால் அவர்களுக்குச் செய்தது அநியாயம் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இதிலும் உரிமை, குணத்தின் மேல்தான் நிற்கிறது. அப்படியானால் கேப்டனை ஈட்டியால் குத்தியது உண்மை என்றால் தீவு அவர்களுடையது இல்லை என்று ஆகிவிடுமா? எந்தச் சனத்திலும் இரக்கப்பட்டவர்கள் இருப்பார்கள், முரடர்களும் இருப்பார்கள். லண்டனில் யாராவது ஒருத்தன் கத்தியால் குத்தினால் இங்கிலாந்து யாருடையது என்ற கேள்வி எழுவதில்லை. அடக்கப்பட்ட சனத்திடம் மட்டும்தான் உலகம் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கும். அந்தச் சான்றிதழை எழுதிக் கொடுக்க நாமே முண்டியடிக்கக் கூடாது.

அந்தக் கதை என்ன வேலை செய்தது? ஒரு பெண் சொன்ன கதையால்தான் மண் பறிபோனது என்று நான் சொல்லவில்லை. மண்ணைப் பறித்தது ஆட்டு மந்தையும் மரக் கம்பெனியும் துப்பாக்கியும். கதை செய்த வேலை, பறிக்கிறவனுக்கு ராத்திரியில் தூக்கம் வரவைத்தது. 1847இல் எதிர்க்கரையில் மேரிபரோ ஊர் தொடங்கியது. இரண்டு பக்கமும் கொலைகள் விழுந்தன. 1851 டிசம்பரில் கமாண்டன்ட் ஃபிரெடரிக் வாக்கர் தலைமையில் சுதேசிப் போலீஸ் படை, பிடிவாரண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு தீவில் இறங்கியது. மக்களைக் குறுக்கே விரட்டிக் கிழக்குக் கரைக்குக் கொண்டுபோனது. கரைக்கு அப்பால் கடல்தான். கடலில் இறங்கினார்கள். இத்தனை பேர் செத்தார்கள் என்று கணக்கு எழுதுகிற அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. அந்தப் படையில் துப்பாக்கி தூக்கியவர்கள் வேறு பகுதிகளிலிருந்து திரட்டிக் கொண்டுவந்த பூர்வகுடி ஆட்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் கையாலேயே நம் கண்ணைக் குத்துவது ஆட்சி செய்கிறவர்களின் பழைய வித்தை.

1860இல் தீவைப் பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கினார்கள். காட்டில் நல்ல மரம் இருக்கிறது என்று தெரிந்ததும் அந்த ஒதுக்கீடு காற்றில் போனது. 1863இல் கோடாரி இறங்கியது. அது ஓய்ந்தது 1991இல்தான். அந்தக் காட்டு மரம் சூயஸ் கால்வாய் வரைக்கும் போனது. மரத்துக்கு இருந்த மதிப்பு மனிதர்களுக்கு இல்லை. 1897இல் குயின்ஸ்லாந்து ஒரு சட்டம் போட்டது. அதன் பெயரிலேயே பூர்வகுடிகளின் 'பாதுகாப்பு'ம் அபின் விற்பனைக் கட்டுப்பாடும் சேர்ந்து இருந்தன. கூலிக்குப் பதிலாக அபின் சாம்பலைக் கொடுத்துப் பழக்கிய முதலாளிகள் ஊரில் நடமாட, பழக்கப்படுத்தப்பட்டவர்களைப் பிடித்து அடைத்தது அந்தச் சட்டம். புட்சுல்லா கலைஞர் ஃபியோனா ஃபோலி 2020இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். மேரிபரோவிலிருந்தும் தொலைதூர ஊர்களிலிருந்தும் பிடித்த ஆட்களைத் தீவில் போகிம்பா என்ற இடத்தில் அடைத்தார்கள். முதலில் அரசாங்கம், 1900 முதல் ஆங்கிலிக்கன் திருச்சபை. நோயிலும் சத்தில்லாத சாப்பாட்டிலும் செத்தவர்களின் குழிகள் அங்கேயே இருக்கின்றன. 1904இல் அதை மூடி, மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோரைக் கெய்ர்ன்ஸ் பக்கத்தில் உள்ள யாரபாவுக்குக் கப்பலேற்றினார்கள். அது ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருத்தி இரண்டு மாதத்துக்கும் குறைவாகப் பட்டது தீவின் பெயராயிற்று. ஒரு சனம் அறுபது எழுபது வருடம் பட்டது ஓர் அடிக்குறிப்புக்கூட ஆகவில்லை. கேப்டன் பெயர் அது, அவள் பெயர் இல்லை என்று சிலர் திருத்துவார்கள். இருக்கட்டுமே. அவள் கதை இல்லாவிட்டால் அந்தக் கேப்டனை யாருக்குத் தெரியும்? அந்தக் கதை ஓயவும் இல்லை. 1947இல் சிட்னி நோலன் படமாகத் தீட்டினார். 1976இல் பாட்ரிக் ஒயிட் நாவலாக்கினார். அதே வருடம் சினிமாவும் வந்தது. நல்ல கலைஞர்கள்தான், எலைசாவை வேறு விதமாகப் பார்க்க முயன்றவர்கள்தான். ஆனாலும் நடுவில் நின்றது அவள்தான். லாரிஸா பெரண்ட் என்ற பூர்வகுடி வழக்கறிஞர் 2016இல் எழுதிய புத்தகத்தில்தான் அந்தக் கதையையே கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தார். 180 வருடம் கழித்து.

சட்டத்தின் பாதையும் ஆமை நடைதான். 1976இல் மணல் சுரங்கம் நின்றது, சூழலியல்காரர்கள் போராடியதால். 1992இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியம் என்றது. அதே வருடம் ஜூன் 3ஆம் தேதி மாபோ வழக்கில் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம், வெள்ளைக்காரன் வந்தபோது அது யாருக்கும் சொந்தமில்லாத மண்ணாக இருந்தது என்ற பெரும் பொய்யை ஒதுக்கித் தள்ளியது. 2014 அக்டோபரில் புட்சுல்லா மக்களின் பூர்வீக உரிமையைக் கூட்டாட்சி நீதிமன்றம் கர்ரியில் ஏற்றுக்கொண்டது. வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம், சடங்கு செய்யலாம். ஆனால் தனியுரிமை இல்லை, அடுத்தவரை வராதே என்று சொல்ல முடியாது. அப்புறம்தான் பெயர்.

பெயர் வந்துவிட்டால் நீதி வந்துவிட்டதா? இல்லை. வெட்டிய மரம் திரும்பாது, போகிம்பாவில் கிடப்பவர்கள் எழுந்து வரமாட்டார்கள். பெயரைக் கொடுப்பது அரசுக்குச் செலவு குறைந்த காரியம் என்பதும் தெரிந்ததுதான். ஆனால் அது வெறும் அலங்காரமும் இல்லை. இத்தனை நாளாக அந்தத் தீவுக்குப் போகிற ஒவ்வொருத்தரும் அதன் பெயரைச் சொல்லும்போதே ஒரு தீர்ப்பையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒரு வெள்ளைப் பெண்ணுக்குக் கொடுமை நடந்தது, செய்தவர்கள் இந்தச் சனம் என்பது அந்தத் தீர்ப்பு. 2023இல் அந்தத் தீர்ப்பு பலகையிலிருந்து இறங்கியிருக்கிறது. எலைசாவின் வேதனையை யாரும் அழிக்கவில்லை. அது அவளுடைய சாட்சியமாக, அவளுடைய அளவில் இருக்கும். ஒரு தீவையே மூடுகிற அளவுக்கு விரிந்து கிடந்தது மட்டும்தான் சுருண்டது.

சாட்சியம் எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். எவ்வளவு பட்டோம் என்பது நமக்குத் தருகிற உரிமை பெரியது, ஆனால் அதற்கும் எல்லை இருக்கிறது. உன்னுடையது அல்லாததைத் தொடாதே என்ற அந்த இரண்டாவது சட்டம் மண்ணுக்கும் மரத்துக்கும் மட்டும் சொன்னதாக எனக்குப் படவில்லை. அடுத்த சனத்தின் குணம், அடுத்தவர் கதை, அடுத்தவர் பெயர் இவையும் நம்முடையவை அல்ல. அந்தப் பாறைமுனையில் நின்று கப்பலைப் பார்த்தவர்கள், தாங்கள் பார்த்ததைத்தான் பாட்டாகக் கட்டினார்கள். கப்பலில் இருந்தவனுக்குப் பெயர் வைக்கவில்லை.